மூன்றாவது மேஜை

அந்தக் கால்நடை ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘மயக்கம்’. அறுவை அரங்கின் கதவைப் பாதி திறந்து “மயக்கம் வந்தாச்சா?” என்று யாராவது கேட்டால், மேஜையில் கிடக்கும் நாயைப் பற்றிய கேள்வி அல்ல அது, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்துவிட்டாரா என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்தவர்கள் கொஞ்ச நாள் குழம்பித்தான் போவார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர்கூட இப்படி ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டதில்லை என்பாள்.

அங்கே வருவதற்கு முன்பு அவள் பொதுக் கால்நடை மருத்துவர். கல்லூரித் தோழியும் அவளும் சேர்ந்து, ஒரு காலத்தில் பேக்கரியாக இருந்த கடையை வாடகைக்கு எடுத்துக் கிளினிக் நடத்தினார்கள். ரொட்டி அடுப்பு இருந்த இடத்தில் அறுவை மேஜை. மழை பெய்தால் சுவரிலிருந்து இன்னமும் சர்க்கரை வாசனை வரும். காத்திருக்கும் நாய்கள் சுவரை நக்கும். பல்லிலிருந்து வால் வரை எது கெட்டாலும் அங்கேதான் வைத்தியம். தோழிக்குக் கத்தி பிடிப்பதில் ஆசை. இவளுக்கு மூச்சைப் பார்ப்பதில் ஆசை. தோழி வயிற்றைத் திறந்து வேலை செய்துகொண்டிருக்க, இவள் தலைமாட்டில் உட்கார்ந்து, மூச்சுப் பை விரிந்து சுருங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாலையில் நாயை வாங்கிப் போக வருபவர்கள் தோழியின் கையைப் பிடித்துத்தான் நன்றி சொல்வார்கள். அதில் இவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இருந்த குறை வேறு. கைக்குப் பழகிய மூன்று மருந்துகளை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் காலம் தள்ளியிருக்கிறோம், நான்காவதாக ஒன்று தேவைப்படும் நாளில் என்ன செய்வோம் என்று அவ்வப்போது மனதுக்குள் அரிக்கும்.

அந்த நாளும் வந்தது. தபால்காரம்மா ஒருவர் வளர்த்த கிழட்டு நாய்க்கு மண்ணீரலில் கட்டி. இதயமோ ஏற்கெனவே பழுது. மயக்கம் கொடுத்தால் போய்விடும், கொடுக்காவிட்டால் கட்டி கொன்றுவிடும். தோழியும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட முடிவு செய்தார்கள். நாயோடு இவளும் போனாள். அங்கே ஓர் இளைஞர் அந்த நாயின் தலைமாட்டில் நின்றார். அறுவை செய்பவர் அவர் இல்லை, அவர் பார்த்தது மயக்கம் மட்டும்தான். எலும்புக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர் என்று இருப்பதுபோல மயக்கத்துக்கென்றே தனியாகப் படித்து, வாரியத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிய சிறப்பு மருத்துவர். ஒவ்வொரு மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். இரத்த அழுத்தம் இறங்கப் போகிறது என்று முன்பே சொன்னார், அது இறங்கியது. இப்போது ஏறும் என்றார், ஏறியது. கட்டி வெளியே வந்தது, நாய் எழுந்து தண்ணீர் குடித்தது. இவள் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொல்லிவிட்டாள், தான் மறுபடி படிக்கப் போவதாக. அவர் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர். நிதானமானவர். நாற்பது தாண்டிய பிறகு, பதினைந்து வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, மூன்று வருடப் பயிற்சியா என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தாள். பதிலும் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் கேட்டதெல்லாம், தினமும் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதுதான்.

“வயசாயிடுச்சேன்னு நீங்க சொல்லலையே?” என்றாள்.

“பஸ்ஸ விட்டவங்ககிட்ட நான் தினமும் சொல்றதுதான். பின்னாடி ஒண்ணு வருது, ஏறிக்கோ.”

தோழிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றாள், நன்றாகப் போகும் கிளினிக்கை விட்டுவிட்டு இது எதற்கு என்றாள். இரண்டு மாதம் பேச்சு குறைந்தது. பிறகு அவளே ஒரு புது டாக்டரைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டு, “போ, போய்ப் பெரிய ஆளா வா. ஆனா என் கேஸுக்கு முதல்ல வரணும்” என்று வழியனுப்பி வைத்தாள்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி தருபவர் அன்று நாயின் தலைமாட்டில் நின்ற அதே இளைஞர்தான். அவளைவிட வயதில் சின்னவர். முதல் நாள் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று இவளுக்கும், இவளை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்கும் தடுமாற்றம். அவரே தீர்த்து வைத்தார். “உள்ள நான் சார், நீங்க டாக்டர். வெளிய டீ குடிக்கும்போது நீங்க அக்கா. சரியா?” சரி என்றாள். மூன்று வருடமும் அதில் பிசகு வரவில்லை. அரங்குக்குள் அவர் கடிந்துகொண்டால் “சரி சார்” என்பாள்; வெளியே வந்ததும் அவர் மதியச் சாப்பாட்டைத் தவிர்ப்பதற்காக இவள் அவரைக் கடிந்துகொள்வாள்.

அவள் சீக்கிரமே பெயர் வாங்கியது குதிரைகளிடம். குதிரைக்கு மயக்கம் கொடுப்பது பெரிய விஷயமில்லை, அதை எழுப்புவதுதான் விஷயம். அரைகுறை நினைவில் பாய்ந்து எழும் குதிரை, தன் எடையைத் தானே தாங்க முடியாமல் விழுந்து காலை முறித்துக்கொள்ளும். முறிந்தால் அதோடு கதை முடிந்தது. ஆகவே தரையிலும் சுவரிலும் மெத்தை வைத்த ஓர் அறையில் கிடத்தி, தலையிலும் வாலிலும் கயிறு கட்டி, சுவர் வளையங்கள் வழியாக வெளியே கொண்டுவந்து பிடித்துக்கொள்வார்கள். கயிற்றை இழுக்க வேண்டிய நொடி எது என்பதை ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒருவராக அவள் ஆனாள். சின்ன ஜன்னல் வழியாகக் குதிரையின் கண்ணையும் காதையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். மற்றவர்கள் எழுப்பிவிடலாம் என்று துடிக்கும்போது, இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று சிறிதளவு மருந்து கொடுத்துப் படுக்க வைப்பாள். குதிரைப் படையைச் சேர்ந்த ஒரு போலீஸ்காரர், தன் குதிரைக்குக் குடல் முறுக்கலுக்கு அறுவை நடந்தபோது, அறைக்கு வெளியே தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். குதிரை முன்காலை ஊன்றி, பின்காலை ஊன்றி, ஆடாமல் நின்றபோது, யார் அறுவை செய்தது என்று கேட்காமல், யார் ‘இப்போ இழுங்க’ என்று சொன்னது என்று கேட்டுக்கொண்டு அவளிடம் வந்தார்.

இப்படி நாய், பூனை, குதிரை, மாடு என்று எல்லாவற்றையும் தலைமாட்டில் உட்கார்ந்து தாண்டினாள். ஒன்றைத் தவிர. அவளுக்குப் பாம்பு என்றால் பயம்.

அதற்குக் கதை ஒன்றும் கிடையாது. சிறு வயதில் கடிபட்டதில்லை, வீட்டில் பாம்பு வந்ததில்லை. சிலருக்கு லிஃப்டில் ஏறினால் உடம்பு நடுங்கும், அவளுக்குப் பாம்பைப் பார்த்தால். பாம்பென்றால் படையே நடுங்கும் என்று இருக்கும்போது ஒரு டாக்டர் நடுங்கினால் என்ன தப்பு என்று வாதம் செய்வாள். ஊர்வனவற்றுக்கு மயக்கம் கொடுத்த அனுபவம் இல்லாமல் தேர்வுக்கு உட்கார முடியாது. அவள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஆமையும் ஊர்வனதானே? ஓடு உடைந்த ஆமை, தூண்டில் முள்ளை விழுங்கிய ஆமை என்று எங்கே ஆமை வந்தாலும் ஓடிப்போய்த் தானே வாங்கிக்கொண்டாள். பாம்பு வந்த நாட்களில் அவளுக்கு வேறு எங்காவது அவசர வேலை இருக்கும். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள், இவள் ஆமையை வைத்தே உருப்படப் பார்க்கிறாள் என்று சக மருத்துவர்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. ஒரு நாள் டீ குடிக்கும்போது, “அக்கா, தேர்வுல ஆமை மட்டும் வரும்னு யாரும் எழுதித் தரல” என்றார். பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். வாய்மொழித் தேர்வு ஒரு கல்லூரி நூலகத்தின் மாடியில் நடந்தது. மூன்று மேஜைகள். முதல் மேஜையில் சிறு பிராணிகள், இரண்டாவதில் குதிரையும் மாடும், மூன்றாவதில் மற்றவை எல்லாம். முதல் இரண்டிலும் அவள் பேசப் பேசத் தேர்வாளர்கள் தலையாட்டினார்கள். குதிரை மேஜையில் இருந்தவர், கேட்க வேண்டிய கேள்விகள் முடிந்த பிறகும் தன் சொந்தச் சந்தேகம் ஒன்றைக் கேட்டார். மிதப்பில்தான் மூன்றாவது மேஜைக்குப் போனாள்.

அங்கே முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மாள், வன விலங்குகளுக்கு மயக்கம் கொடுப்பதில் பேர் போனவர், மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். திரை முழுக்க மலைப்பாம்பு. அவள் நாற்காலி தானாகவே ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. எந்த மருந்து, எவ்வளவு, மூச்சுக்குழல் எங்கே திறக்கிறது, எப்படி மூச்சு கொடுப்பது என்று அந்த அம்மாள் கேட்டதற்கெல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே பதில் சொன்னாள்.

“இதயம் எங்க இருக்கு, தொட்டுக் காட்டுங்க.”

கையைத் தூக்கினாள். பாதி தூரம் போய்க் கை நின்றுவிட்டது. தலையிலிருந்து வால் வரை நான்கு பங்காக்கினால் முதல் பங்கு முடியும் இடத்தையொட்டி என்று வாயால் சொன்னாள். சரியான பதில். ஆனால் விரல் திரையைத் தொடவில்லை.

“படம்தான் டாக்டர், இது,” என்றார் அந்த அம்மாள், குரலை உயர்த்தாமல்.

“தெரியும் மேடம்.”

“நாளைக்கு நிஜப் பாம்பு உங்க மேஜையில கிடக்கும். சொன்னா போதாது, தொடணும்.”

முடிவு வந்தபோது இரண்டு மேஜைகளில் தேர்ச்சி, ஒன்றில் இல்லை. அடுத்த வருடம் அந்த ஒன்றுக்கு மட்டும் மறுபடி வரலாம். அவளுக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. அந்த அம்மாள் இடத்தில் தான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்று சாரிடம் சொன்னாள். வீட்டில், குதிரையை நிறுத்தி வைத்தவளைப் பாம்புப் படம் சாய்த்துவிட்டதே என்று கணவர் சொல்ல, முதலில் மகள் சிரித்தாள், பிறகு இவளும் சிரித்தாள். மறுநாள் காலையில் குளியலறைக் கண்ணாடியில் ஒரு மலைப்பாம்பின் படம் ஒட்டியிருந்தது. மகளின் வேலை. இவள் பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். சில நாள் அங்கேதான் பல் துலக்கினாள். படத்தைக் கிழிக்கவும் இல்லை, மகளைத் திட்டவும் இல்லை.

படம் போதாது என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. ஒரு நாள் உயிரியல் பூங்காவின் டாக்டருக்குத் தானே போன் செய்தாள். உங்கள் பாம்புகளுக்கு எப்போது மயக்கம் கொடுக்க வேண்டியிருந்தாலும் சம்பளம் இல்லாமல் வருகிறேன், ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பாம்பு என்றால் பயம் என்றாள். இத்தனை வருடத்தில் பயமில்லை என்று பொய் சொல்லி வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன் என்று அவர் சொல்லி, வரச் சொன்னார்.

பாம்புக் கூடத்தின் காப்பாளர் ஒரு பருத்த பெண். பாம்புகளை ‘செல்லம்’ என்றும் ‘ராசாத்தி’ என்றும் கொஞ்சுபவள். முதல் நாள் டாக்டரம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டுப் போனாள். அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படித்தான். அப்புறம் ஒரு நாள் கண்ணாடிக்கு வெளியே சும்மா நிற்கப் பிடிக்காமல், வழக்கம்போல மூச்சைக் கவனிக்க ஆரம்பித்தாள். மலைப்பாம்பின் விலா மெல்ல விரிந்தது. அடங்கியது. அடுத்த மூச்சுக்கு அவள் காத்திருந்தாள், வரவில்லை, இன்னும் வரவில்லை, இதோ வந்தது. எத்தனை நேரம் அப்படியே நின்றாளோ, காப்பாளர் வந்து தோளைத் தொட்டபோதுதான் தன் மூக்கு கண்ணாடியில் அழுந்தியிருப்பது தெரிந்தது. இத்தனை நாளும் தலையையும் நாக்கையுமே பார்த்துப் பயந்திருக்கிறோம், விலாவைப் பார்த்தால் இதுவும் தன்னிடம் வரும் நோயாளிதான் என்று அவளுக்குப் பட்டது.

“உள்ள வரலாமா?” என்று கேட்டாள்.

“வாலைப் பிடிச்சுக்கோங்க. தலை என் பொறுப்பு,” என்றாள் காப்பாளர்.

பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வாலைப் பிடித்திருந்த நேரமெல்லாம் முதுகில் வியர்வை வழிந்தது. ஆனால் பயத்தோடேயே வேலை நடந்தது. பல்லில் சீழ் வைத்த ஒரு சின்னப் பாம்பு, தோல் உரியாமல் அவதிப்பட்ட இன்னொன்று என்று ஒவ்வொன்றுக்கும் மயக்கம் கொடுத்துப் பார்த்தாள்.

அந்த வருடக் கடைசியில் பெரிய மலைப்பாம்புக்கு முட்டை இறங்காமல் சிக்கிக்கொண்டது. காப்பாளர் அதை ‘மகாராணி’ என்று கூப்பிடுவாள். ஊசி மருந்து பலிக்கவில்லை, திறந்துதான் எடுக்க வேண்டும். காலையில் ஆறு பேர் சேர்ந்து அதைத் தூக்கி வந்து, நீளம் போதாமல் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டுக் கிடத்தினார்கள். அவள் மயக்க ஊசி போட்டாள். உடல் தளர்ந்ததும் வாயைத் திறந்து, நாக்குக்குப் பின்னால் துளையாகத் தெரிந்த மூச்சுக்குழலுக்குள் குழாயை விட்டாள். இதயத்துக்கு மேல் துடிப்பைக் கேட்கும் கருவியை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினாள். ‘வுஷ்... வுஷ்...’ என்று அறை முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. மயக்கத்தில் பாம்பு தானாக மூச்சு விடாது. அவள்தான் பையை அழுத்தி அழுத்திக் கொடுக்க வேண்டும்.

பூங்கா டாக்டர் வயிற்றைத் திறந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசி முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றை இழுத்தபோது உடல் லேசாகப் புரண்டது. சத்தம் நின்றது.

பூங்கா டாக்டர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். காப்பாளர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இவள் கையுறையைக் கழற்றிப் போட்டாள். வெறும் விரலைச் செதில்களின் மேல் வைத்து, கருவி ஒட்டியிருந்த இடத்திலிருந்து மெல்ல வாலை நோக்கி நகர்த்தினாள். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம். அங்கே விரலுக்கடியில், தூங்குகிற குழந்தையின் உச்சந்தலையில் துடிப்பதுபோல, ஒரு சின்ன எழுச்சி. நின்றது. மறுபடி வந்தது.

“இருக்கு. இதயம் இடம் மாறியிருக்கு, நிக்கல. நீங்க முடிங்க,” என்றாள்.

கருவியை அந்த இடத்துக்கு மாற்றியதும் சத்தம் திரும்ப வந்தது. பூங்கா டாக்டர் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்.

அறுவை மதியத்துக்குள் முடிந்துவிட்டது. எழுப்பும் வேலைதான் இன்னும் முடியவில்லை. பாம்புக்குச் சுத்தமான ஆக்ஸிஜனையே கொடுத்துக்கொண்டிருந்தால், அதுவாக மூச்சு விட வேண்டும் என்ற நினைப்பே அதன் உடம்புக்கு வராது. அதனால் வெறும் காற்றை, அதுவும் நிறுத்தி நிறுத்திக் கொடுக்க ஆரம்பித்தாள். வெந்நீர்ப் பைகளைச் சுற்றிலும் அடுக்கினார்கள். மற்றவர்கள் மாறி மாறிச் சாப்பிடப் போனார்கள். அவள் ஸ்டூலைப் பாம்பின் தலைப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கை பையிலும் ஒரு கை விலாவிலுமாக உட்கார்ந்திருந்தாள். பேச்சுக்குக் காப்பாளர் துணை. காப்பாளரின் கணவருக்குப் பாம்பு ஆகாதாம், வேலையிலிருந்து திரும்பினால் குளித்த பிறகுதான் பக்கத்தில் விடுவாராம். இவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கைக்கடியில் விலா விரிந்தது. பையை அவள் அழுத்தவில்லை. காத்திருந்தாள். மறுபடி, தானாகவே, விரிந்தது.

வெயில் சாயும் நேரத்தில் குழாயை எடுத்தாள். கொஞ்சம் கழித்து நாக்கு வெளியே வந்து அவள் மணிக்கட்டைத் தடவிவிட்டுப் போனது. அவள் துள்ளி எழுந்ததில் ஸ்டூல் கவிழ்ந்து வெந்நீர்ப் பைகள் தரையெல்லாம் உருண்டன. மகாராணிக்கு மயக்கம் தெளிந்தது, டாக்டரம்மாவுக்குத்தான் வந்துவிடும் போலிருக்கிறது என்று காப்பாளர் சிரிக்க, பூங்கா டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அவளும் தரையில் உட்கார்ந்து பைகளைப் பொறுக்கிக்கொண்டே சிரித்தாள்.

அடுத்த தேர்வில் மூன்றாவது மேஜையில் அதே அம்மாள். மடிக்கணினியைத் திருப்பினார். கிளி. இறக்கை ஒடிந்த கிளிக்கு எப்படி மயக்கம் கொடுப்பீர்கள் என்பது கேள்வி. பிறகு நெருப்புக்கோழி. பிறகு ஒரு முயல். கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னாள். நேரம் முடிந்து அந்த அம்மாள் மடிக்கணினியை மூடப் போனபோது இவளுக்குப் பொறுக்கவில்லை.

“மேடம், ஒரு வருஷமா நான் பாம்போடதான் இருந்தேன். நீங்க கேக்கவே இல்லையே?”

“தெரியும். பூங்கா டாக்டர் என் பழைய மாணவர்,” என்றார் அவர். “வெளிய அடுத்தவங்க காத்திருக்காங்க டாக்டர்.”

தேர்ச்சி பெற்றாள். சார் ஆஸ்பத்திரி முழுக்க இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, இனி உள்ளேயும் அக்கா என்றே கூப்பிடலாமா என்று கேட்டார். கூடாது என்றாள். கணவர் சான்றிதழைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். அது கொஞ்சம் கோணலாக இருக்கிறது, யாரும் நேராக்கவில்லை. மகள், இந்த வீட்டில் ஒருத்தி பரீட்சை எழுதியது போதும் என்று சொல்லிவிட்டுக் தன் கல்லூரிக் கணக்குப் பாடத்தைப் படிக்கப் போய்விட்டாள்.

இப்போது அவள் அந்த ஆஸ்பத்திரியில் சிறப்பு மருத்துவர். வாரத்தில் ஒரு நாள் காரின் பின்னால் கருவிகளை ஏற்றிக்கொண்டு, சின்னக் கிளினிக்குகளுக்குப் போய்வருகிறாள். தாங்கள் தொடப் பயப்படும் நோயாளிகளை அவர்கள் அவளுக்காக நிறுத்தி வைத்திருப்பார்கள். அப்படி ஒரு நாள் முதலில் போனது தோழியின் கிளினிக்குக்குத்தான். சிறுநீரகம் பழுதான ஒரு பூனை, பல் பிடுங்க வேண்டும். பூனையைக் கொண்டுவந்த மனிதர் தோழியைப் பார்த்து, இது திரும்ப எழுந்திருக்குமா என்று கேட்டார். தோழி இவள் பக்கம் கையைக் காட்டினாள்.

இவள் பூனையை வாங்கி, அதன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். அவசரப்படாமல் கேட்டாள்.

“எழுந்திருக்கும்,” என்றாள். “மூணு மணிக்கு வாங்க. வரும்போது கனமான துணி ஒண்ணு எடுத்துட்டு வாங்க, முழிச்சதும் உங்களத்தான் பிறாண்டும்.”